ஹால் சுவத்துல கல்லு பதிக்கலாமா? வீட்ல ஃபயர்பிளேஸும் கேக்குதாவ

இரணியல்_வீடு
எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் இரணியல் பக்கம் வீடு கட்டிட்டு இருக்கேன், வார்ப்பு முடிஞ்சு பூச்சு வேலை நடக்கு. ஹால்ல டிவி வரப்போற சுவரு 12 அடி நீளம் 9 அடி உயரம், அது முழுக்க இயற்கைக் கல்லு பதிக்கணும்னு வீட்ல ஒரே நிலையா நிக்குதா. டிசைனர் பையன் அதுக்கும் ஒரு படி மேல போயி நடுவுல ஃபயர்பிளேஸ் மாதிரி பொந்து விட்டு சுத்தி கருப்புக் கல்லுல ஃபிரேம் அடிச்சிருவோம், உள்ள எல்இடி தீ எரியும்ங்கான். மே மாசம் ஃபேனுக்கு அடியில இருந்தே வேர்த்து ஊத்துற ஊர்ல தீ வேற. சரி அத விடுங்க. கடப்பா, ஜெய்சால்மர் மஞ்சள், அறுத்த வெட்டுக்கல், சிலேட்டு, கிரானைட்டுன்னு எல்லாத்துலயும் ஒரு துண்டு கொண்டு வச்சிருக்கான், எத எடுக்கன்னு தெரியல. அந்தச் சுவத்துக்குப் பின்னாடி பாத்ரூம் வருது, அது தான் எனக்கு கொஞ்சம் இடிக்குது. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

ஆசாரிப்பள்ளம்_007
நாரோயில் பக்கம் ஃபயர்பிளேஸா? அப்படியே ஒரு சிம்னியும் வச்சிருங்க அண்ணே, டிசம்பர்ல கிறிஸ்துமஸ் தாத்தா கேரல் பாட வரும்போ வாசல் வழியா வரவேண்டாம்லா.

பார்வதிபுரம்_சிவில்
கல்லு எதுன்னு அப்புறம் பேசலாம், முதல்ல அந்த பாத்ரூம். டைல்ஸ் ஒட்டியாச்சுன்னா தண்ணி வராதுன்னு நம்ம ஆளுக நினைக்குதாங்க. டைல்ஸ் இடுக்குல இறங்குறதும் ஷவர் ஜாயிண்ட்ல கசியுறதும் சுவத்துக்குள்ள ஊறி மறுபக்கம் ஓதமா வரும். பெயிண்ட் அடிச்ச சுவருன்னா பொரிஞ்சு விழுந்து ஒரு மழைக்காலத்துலயே காட்டிக் குடுத்திரும், கல்லு போட்டுட்டா வருசக்கணக்கா மறைஞ்சு கிடந்து பெறவு இடுக்கு இடுக்கா வெள்ளை உப்பு பூத்து வெளிய வரும், அன்னைக்கு கல்லப் பேக்காம ஒண்ணும் செய்ய முடியாது. அதனால பாத்ரூம் பக்கம் டைல்ஸுக்கு முன்னாடியே தரையிலருந்து ஷவர் உயரத்துக்கு மேல வரைக்கும் வாட்டர்புரூஃப் கோட்டிங், மூலையில ஃபைபர் வலை, பைப்புக்கு பிரஷர் டெஸ்ட். இது முடியாம ஹால் பக்கம் ஒரு கல்லும் ஏறக்கூடாது.

எடைக் கணக்கும் பாத்துக்கோங்க. கிரானைட்டு கன மீட்டருக்கு சுமார் 2,700 கிலோ. 20 மில்லி பலகைன்னா சதுர மீட்டருக்கு 54 கிலோ, சதுர அடிக்கு அஞ்சு கிலோ வரும். உங்க 108 சதுர அடிக்கு அரை டன்னுக்கும் மேல, பசை எடை தனி. ஒன்பது இஞ்சு செங்கல் சுவரு அத அனாயாசமா தாங்கும், கல்லு விழுறதெல்லாம் பிடிமானம் இல்லாம தான். பெயிண்டுக்கு முன்னாடி வழவழப்புக்கு அடிக்குற புட்டியும் பிரைமரும் உள்ள சுவத்து மேல ஒட்டுனா கல்லு புட்டியோட சேந்து உரிஞ்சு வரும். பூச்சுக்காரர்ட்ட இப்பவே சொல்லி அந்த ஒரு சுவத்த மட்டும் சொரசொரப்பா விடச் சொல்லுங்க, புட்டி வேண்டாம். ஜிப்சம் போர்டு அடிச்சு அது மேல கல்லு ஒட்டலாம்னு டிசைனர் சொன்னாருன்னா டிசைனர மாத்துங்க.

பசை மூட்டையில ஐஎஸ் 15477ன்னு இந்தியத் தர நம்பர் போட்டு டைப் நம்பர் இருக்கும். டைப் 1 சின்ன செராமிக் டைல்ஸுக்கு உள்ளது, கடைக்காரர் விலை குறைவுன்னு அதத் தான் முதல்ல எடுத்துத் தருவாரு. சுவத்துல கல்லுன்னா டைப் 3 கேளுங்க.

குளச்சல்காத்து
சிவில் அண்ணே சொன்னதுல ஒரு எழுத்து மாத்தம் இல்ல. எங்க மச்சான் வீட்டுல நடந்தது சொல்லுதேன், செஞ்ச ஆளு பேரு வேண்டாம். வெள்ளை மார்பிள் சுவரு, ஹால்ல பாத்தா கண்ணு கூசும். ஒட்டுனது சாதா சாம்பல் சிமெண்ட்ல. மார்பிள் ஈரத்த இழுக்கும்லா, ஒட்டுன கொஞ்ச நாள்லயே நடுவுல நடுவுல சாம்பல் நிறத்துல மேகம் மாதிரி திட்டு, அது போகவே இல்ல. வெள்ளைக் கல்லுக்கு வெள்ளைப் பசை தான் போடணும்னு யாரும் சொல்லல. போதாததுக்கு ஒவ்வொரு கல்லுக்கும் நாலு மூலைக்கு நாலு உருண்டை நடுவுல ஒண்ணு, அம்புட்டு தான் பசை. காசு வச்சு தட்டிப் பாத்தா உருண்டை இருக்குற இடத்துல திண்ணுன்னு கேக்கும், மிச்ச இடமெல்லாம் டொக்கு டொக்குன்னு கேக்கும். சோபாவ இழுக்கும்போ ஒரு இடி இடிச்சதுக்கு கீழ் வரிசைக் கல்லு ஒண்ணு குறுக்க கீறிப் போச்சு.

இன்னொண்ணு, கடக்கரைக்காரங்களுக்கு. பெரிய கல்லுக்கு பின்னாடி கிளாம்ப், பின்னு எதாவது குடுத்தா இரும்புல குடுக்க விடாதீங்க. எங்க பக்கம் ஜன்னல் கம்பியே உப்புக் காத்துல பொருபொருன்னு உதிருது. துரு ஊதுனா கல்லையே பிளக்கும், வெளிய காவி வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயும் 316ன்னு கேளுங்க, 304 கடக்கரையில பத்தாது.

மார்த்தாண்டம்_தேன்
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், வெட்டுக்கல் போடுங்க. எங்க பக்கம் புது வீடு பாதி இப்ப அது தான். அறுத்து 20 மில்லி தகடா வருது, எடை கிரானைட்ட விட குறைவு, நிறம் அந்த செம்மண்ணு நிறம், மஞ்ச லைட்டு போட்டா நாலுகெட்டு, அதான் நடுமுற்றம் வச்ச பழைய வீட்டுக்குள்ள இருக்கது மாதிரி ஒரு இது. புக்கானன்னு ஒரு வெள்ளக்காரன் நமக்கு வடக்க மலப்புரத்து அங்காடிப்புரத்துல இந்தக் கல்லப் பாத்து தான், 1807ல வந்த புத்தகத்துல லேட்டரைட்டுன்னு பேரு வச்சான், அங்க அதுக்கு நினைவுச்சின்னமே இருக்கு. ராஜஸ்தான்லருந்து மஞ்சக்கல்லு லாரியில வரணுமா, பக்கத்துல கிடக்குறத விட்டுட்டு.

தோவாளை_அக்கா
வெட்டுக்கல் அழகு தான் தம்பி, கூட்டிப் பெருக்குறது யாரு? எங்க கொழுந்தன் வீட்டுல போட்டிருக்காவ. சீலர் அடிக்காம விட்டுட்டாங்க, கையி வச்சா செம்பொடி ஒட்டும், அடியில வெள்ளை டைல்ஸ் தரை, தினமும் சுவத்து ஓரமா செவப்புக் கோடு. பொடிப்பொடி ஓட்டைக்குள்ள எறும்பு கூட்டோட குடியிருக்கு. அதே மாதிரி இந்த அடுக்கி அடுக்கி வைக்குற பிளந்த கல்லு இருக்கே, ஒண்ணு உள்ள ஒண்ணு வெளியன்னு, ஒவ்வொரு கல்லு நுனியிலயும் தூசி உக்காரும், ஒட்டடை பிடிக்கும், பல்லிக்கு அது மாதிரி சொகமான வீடு கிடையாது. டிவிக்குப் பின்னாடி பல்லி முட்டை பொறுக்க யாருக்கு நேரம் இருக்கு? ஆம்பளைங்க போட்டோ பாத்து முடிவு பண்ணிருவீங்க. என் அபிப்ராயம், கை எட்டுற உயரத்துக்கு வழவழன்னு உள்ள கல்லு, மேல வேணும்னா சொரசொரப்பு.

மயிலாடி_உளி
அக்கா சொன்னது நியாயம். நான் கல்லு வேலைக் குடும்பம், சாமி சிலை தான் எங்க பொழப்பு, ஆனா இப்ப வீட்டு வேலையும் வருது, அதனால கொஞ்சம் சொல்லுதேன்.

சாம்பிள் கல்லு கையில இருக்குல்லா, ரெண்டு சோதனை வீட்டுலயே செய்யலாம். எலுமிச்சம்பழம் அறுத்து ஓரத்துல ரெண்டு சொட்டு விட்டு கொஞ்ச நேரம் கழிச்சு தொடச்சுப் பாருங்க. பளபளப்பு போயி மங்கல் விழுந்தா அது சுண்ணாம்புக் கல்லு வகை. கடப்பா, கோட்டா, ஜெய்சால்மர் மஞ்சள், மார்பிள் எல்லாம் அந்த ஜாதி. சுவத்துல யாரும் சாம்பார் ஊத்தப் போறதில்ல, அதனால தப்பில்ல, ஆனா வேலைக்காரன் கடைசியில சிமெண்ட் கறையப் போக்க ஆசிட் ஊத்திக் கழுவுவான் பாருங்க, அன்னைக்கு கல்லு செத்துச்சு. கிரானைட்டு ஆசிட்டுக்கு அவ்வளவு அசராது, ஆனாலும் ஆசிட்ட வீட்டுக்குள்ள கொண்டு வர விடாதீங்க. ரெண்டாவது தண்ணி சோதனை: ஒரு சொட்டு விட்டு பாருங்க, சட்டுனு கருத்து உள்ள போனா குடிக்குற கல்லு, சீலர் இல்லாம போடக்கூடாது. வெள்ளை கிரானைட்டுலயும் குடிக்குறது உண்டு. காஷ்மீர் ஒயிட்டுன்னு ஒண்ணு விக்குதாங்களே, பேரு தான் காஷ்மீர், வெட்டுறது நம்ம மதுரைப் பக்கம், அது ஈரத்துல மஞ்சளடிக்கும்.

நீங்க கருங்கல்ல கேக்கவே இல்லையே? பலகையா அறுத்துட்டு மேல உளியால பொளிஞ்சு தாறோம், அம்மி கொத்துவாங்கல்லா அந்த மாதிரி பொடிப்புள்ளியா. பாலிஷ் போட்ட கருப்புல கைரேகையும் தூசியும் அப்படியே தெரியும், பொளிஞ்சதுல தெரியாது, அக்கா சொன்ன பல்லிக்கும் இடம் கிடையாது. மெஷின்லயும் புஷ் ஹாமர்னு அடிச்சுக் குடுப்பாங்க, அதுல புள்ளி ஒரே சீரா விழும். கையில கொத்துனது வரிசை கொஞ்சம் கோணும், சைடுல லைட்டு விழுந்தா தான் அதோட ருசி தெரியும்.

கடைசியா ஒரு வேண்டுதல். கல்லறுக்குற பையனுக்கு தண்ணி ஊத்தி அறுக்கச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள சகதி ஆவும்னு சொல்லி ஓனர்மாரே உலர அறுக்கச் சொல்லுதாங்க. அந்த வெள்ளைப் பொடியில உள்ள சிலிக்கா நெஞ்சுக்குள்ள போயி உக்காந்தா திரும்ப வராது, சிலிக்கோசிஸ்ங்குற நுரையீரல் நோயி. எங்க தெருவுல இருமலோட படுத்த பெரியவங்கள எனக்குத் தெரியும். செயற்கை குவார்ட்ஸ் பலகையில சிலிக்கா ரொம்பக் கூடுதல், ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1லருந்து அதையே தடை பண்ணிட்டாங்க. முற்றத்துல வச்சு தண்ணி விட்டு அறுத்து உள்ள கொண்டு போனா ஒரு நாள் கூடுதல் ஆவும், ஆவட்டும்.

ஆசாரிப்பள்ளம்_007
கிரானைட்டுல ரேடியேஷன் இருக்கு, ஹால்ல போட்டா கேன்சர்னு குடும்ப குரூப்புல மாமா ஒருத்தர் அனுப்பியிருக்காரு. உண்மையா?

பார்வதிபுரம்_சிவில்
கிரானைட்டுல யுரேனியம், தோரியம், பொட்டாசியம் துளி துளியா உண்டு, அது உண்மை. ஒரு சுவத்துல 20 மில்லி பதிக்குறதுல வர்ற அளவு பயப்படுற மாதிரி இல்ல, ஜன்னல் திறந்து காத்து ஓடுற வீடு தான நம்மது. உங்க மாமா மணவாளக்குறிச்சி கடக்கரையில காத்து வாங்கப் போவாருன்னா அந்த மோனசைட் மண்ணுல இருக்குற தோரியத்துக்கு இது ஒண்ணுமே இல்ல.

குலசேகரம்_ரப்பர்
தலைப்புல ஃபயர்பிளேஸ் இருக்குறதால இங்கயே கேக்குதேன். கொடைக்கானல்ல பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கோம், அதுல நிஜ ஃபயர்பிளேஸ், விறகு எரிக்குறது. சுத்தி இருந்த சிமெண்ட் பூச்சு எல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கல்லுல மாத்தணும். பேச்சிப்பாறை பக்கத்து ஆத்துல உருண்டைக் கல்லு நெறைய கிடக்கு, அதக் கொண்டு போயி வச்சா அழகா இருக்கும்லா?

கருங்கல்_டு_ஹெல்சிங்கி
ஐயோ அண்ணே, ஆத்துக்கல்ல தீ பக்கம் கொண்டு போயிராதீங்க. ஆத்துல கிடக்குறத எடுக்க அனுமதி வேணும், அது ஒரு பக்கம். உள்ளுக்குள்ள ஈரம் தங்கியிருக்கும், சூடு ஏறும்போ நீராவியாயி வெளிய வர வழி இல்லாம கல்லு வெடிச்சு தெறிக்கும், எதிர்ல உக்காந்திருக்க பிள்ளை முகத்துல படும்.

எனக்கு சொந்த ஊரு குமரி மாவட்டத்து கருங்கல், இப்ப ஃபின்லாந்துல குப்பை கொட்டுறேன், இங்க வருசத்துல பாதி நாளு அடுப்பு தான் கதி. அதனால தெரிஞ்சது சொல்லுதேன். விறகு எரியுற குழிக்குள்ள எந்த அலங்காரக் கல்லும் வேண்டாம், ஃபயர் பிரிக்கு, ஃபயர் கிளே சாந்து மட்டும். கிரானைட்டு கூட உள்ள வேண்டாம், அதுல இருக்க குவார்ட்ஸ் 573 டிகிரியில சட்டுனு விரியும், கல்லு கீறும். வெளிய வாய்க்குச் சுத்தி ஃபிரேமுக்கு கிரானைட்டு தாராளமா போடலாம், அங்க அம்புட்டு சூடு வராது. மார்பிளும் போடுதாங்க, புகைக்கறை ஏறுனா போகாது. செயற்கை குவார்ட்ஸ் பலகை மட்டும் கிட்டவே வரக்கூடாது, அது பிசின் வச்சு ஒட்டுன கல்லுப்பொடி, 150 டிகிரி தாண்டுனாலே நிறம் மாறி விரியும். டைல்ஸ் பசையும் சூட்டுக்குன்னு உள்ளதா பாத்து வாங்கணும். மேல் உத்தரக் கல்லயும் ரெண்டு பக்கக் கல்லயும் இறுக்கமா முட்ட விடாம கொஞ்சம் இடைவெளி விட்டு சூடு தாங்குற சீலண்ட் நிரப்புங்க, விரிய இடம் வேணும்.

மரத்துல மேந்தட்டு வைக்கப் போறீங்கன்னா, அமெரிக்கக் கட்டட விதியில வாய் விளிம்புலருந்து 6 இஞ்சுக்குள்ள மரமே கூடாதுங்கான். முன்னாடி தரையில கல்லு 16 இஞ்சு நீட்டி இருக்கணும், ரெண்டு பக்கமும் 8 இஞ்சு. வாய் ஆறு சதுர அடிக்கு மேலன்னா அது 20, 12 ஆவும். பொறி தெறிச்சு கார்ப்பெட்ல விழுறதுக்கு தான் இந்தக் கணக்கெல்லாம்.

இன்னும் நல்லது வேணும்னா மாக்கல்லு. இங்க பல வீட்டுல அடுப்பே மாக்கல்லுல தான், சாயங்காலம் கொஞ்ச நேரம் விறகு எரிச்சா விடிய விடிய சுவரு சூடு விட்டுட்டே இருக்கும். நம்ம பாட்டிமாரு புளிக்குழம்பு வச்ச கல்சட்டி அதே கல்லு தான், அடுப்ப அணைச்ச பெறவும் கொதிச்சிட்டு கிடக்கும்லா. மெதுவான கல்லு, நகம் பட்டா கீறும், ஆனா தீக்கு அசையாது. வேலைக்கு முன்னாடி அந்த சிம்னிய ஒருக்கா சுத்தம் பண்ணி புகை ஒழுங்கா போவுதான்னு பாத்திருங்க, கல்லு அழக விட அது முக்கியம்.

மயிலாடி_உளி
மாக்கல்லுல நாங்க சின்ன சிலை செய்யுறது உண்டு, உளி வெண்ணெயில இறங்குறாப்ல இறங்கும். ஃபிரேம்ல பூ வேலை செய்யணும்னா அதுல தான் சுகம்.

வடசேரி_வாத்தியார்
எனக்கு இந்தக் கல்லு ஒட்டுற மோகமே புரியல. பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்கு பக்கத்துல தான இருக்கு, போயி பாருங்க. ராஜா வீடு, சுவத்துல எங்க கல்லு ஒட்டியிருக்கான்? சுண்ணாம்புப் பூச்சு, மரம், கீழ கண்ணாடி மாதிரி கருப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேத்து தேச்சதுன்னு சொல்லுவாங்க. சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும், ஓதம் வந்தாலும் காஞ்சு போவும். நீங்க ஈரச் சுவத்துல கல்ல ஒட்டி அது மேல சீலர் அடிச்சு வாய அடைக்குறீங்க.

பார்வதிபுரம்_சிவில்
சார் சொல்லுறதுல பாயிண்ட் இருக்கு, நல்லா சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச கொத்தனாரு இன்னைக்கு கிடைக்குறது தான் பாடு. சீலர் விஷயத்துல ஒண்ணு சேத்துக்கிடுதேன். கல்லு மேல படலமா நின்னு பளபளன்னு காட்டுற சீலர் வேண்டாம், பின்னாடி ஈரம் வந்தா அது கொப்புளிச்சு உரியும். கல்லுக்குள்ள இறங்குற வகை கேளுங்க, சிலேன் சிலாக்சேன்னு டப்பாவுல போட்டிருக்கும், வெளித்தண்ணிய தடுக்கும், உள்ள இருக்க ஆவிய வெளிய விடும். அதையும் பசை நல்லா காஞ்ச பெறவு அடிக்கணும், வேலை முடிஞ்ச மறுநாளே அடிச்சா ஈரத்த உள்ள வச்சு பூட்டுன மாதிரி.

இரணியல்_வீடு
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எலுமிச்சம்பழ சோதனை பண்ணுனோம், கடப்பாவும் மஞ்சக்கல்லும் மங்கிப் போச்சு, வீட்ல அதப் பாத்ததும் ரெண்டையும் வெளிய தூக்கி வச்சிட்டா. சுவரு முழுசும் வேண்டாம்னு பேசி முடிச்சிருக்கோம், டிவிக்குப் பின்னாடி நடுவுல ஆறடி அகலம் மட்டும் பொளிஞ்ச கருங்கல், ரெண்டு பக்கமும் சாதா பூச்சு. மயிலாடிக்கு அடுத்த வாரம் போறோம். பொந்து கேன்சல், பையனுக்கு முகம் சுருங்கிப் போச்சு. பாத்ரூம் பக்கம் கோட்டிங் அடிக்க ஆள வரச் சொல்லியாச்சு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. 55 இஞ்சு டிவி, பிராக்கெட்ட கல்லுல டிரில் போட்டு மாட்டலாமா?

குளச்சல்காத்து
கருங்கல்ல டிரில் போட்டா சுத்தி கீறாதா? எங்க மச்சான் வீட்டுல அந்த பயத்துலயே டிவிய மேசை மேல வச்சிட்டாங்க.

பார்வதிபுரம்_சிவில்
மாட்டலாம், ஆனா எடைய கல்லு தாங்கக் கூடாது, பின்னாடி செங்கல் தான் தாங்கணும். கல்லு 20, பசை ஒரு 6லருந்து 10, பூச்சு 12லருந்து 15 மில்லி, இவ்வளவையும் தாண்டி செங்கல்லுக்குள்ள நல்லா இறங்குற நீளத்துக்கு ஆங்கர் போல்ட்டு வாங்கணும், டிவி பெட்டியோட வர்ற குட்டி போல்ட்டு பத்தாது. கல்லுல மட்டும் ஓட்டைய போல்ட்டு தடிப்ப விட கொஞ்சம் பெருசா போட்டா இறுக்கும்போ விரிசல் வராது. டிரில்ல ஹாமர் மோடு போடாம டைமண்ட் பிட்டு வச்சு தண்ணி சொட்டு விட்டு கல்லத் தாண்டுங்க, செங்கல் வந்த பெறவு ஹாமர் போடலாம். இன்னும் நல்லது, கல்லு பதிக்குறதுக்கு முன்னாடியே பிராக்கெட் வர்ற இடத்த அளந்து பேப்பர்ல வரைஞ்சு வச்சிட்டு, அந்த இடத்துல கல்லுக்குப் பின்னாடி பசை முழுசா நிரம்பியிருக்கான்னு கூட நின்னு பாருங்க. வயரு போறதுக்கு ரெண்டு இஞ்சு பைப்பு ஒண்ணும் இப்பவே சுவத்துக்குள்ள போட்டிருங்க.

தோவாளை_அக்கா
பிளக் பாயிண்ட்டு ஒண்ணு கூடுதலா போடச் சொல்லு தம்பி. கல்லு ஏறுன பெறவு ஒரு பாயிண்ட்டு வேணும்னா எவனும் வர மாட்டான்.